காலையும் மாலையும் கேட்கப்பட்ட கேள்வி

மனிதனுக்கு நேரும் துன்பங்களுள் உடல் நோவைப் போல் தனிமையானது வேறொன்றில்லை. காய்ச்சலைத் தொட்டறியலாம்; வீக்கத்தைக் கண்ணால் காணலாம்; இரத்த அழுத்தத்தைக் கருவி கொண்டு அளக்கலாம். நோவையோ, அதனை அனுபவிப்பவரன்றிப் பிறர் எவரும் காண்பதற்கில்லை. ஒரே பாயில் அருகே படுத்திருக்கும் தாய்க்கும் மகளின் வயிற்று நோவு தெரியாது. மகள் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். ஆகவே நோவு தீர்க்கும் கலையின் வரலாறு மருந்துகளின் வரலாறு மட்டுமன்று. நோவுற்றவரிடம் யார் கேட்டார்கள், அவர் சொன்னதை யார் நம்பினார்கள் என்பதன் வரலாறும் ஆகும்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு இன்று பெரிதும் செவிலியரிடமே உள்ளது. மருத்துவர் வந்து பார்த்துச் செல்கின்றார். இரவும் பகலும் கட்டிலருகே நிற்பவர் செவிலியரே. இப்பணிக்கும் இஸ்லாமிய வரலாற்றுக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. ஆயினும், பொறுமை என்னும் உயர்ந்த பண்புக்குத் தவறான பொருள் கொண்டு, நோவை மறைப்பதே ஈமானின் அடையாளம் என எண்ணும் வழக்கமும் நம் இல்லங்களில் வேரூன்றியிருக்கக் காண்கின்றோம். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) நிகழ்ந்த அகழ்ப்போரில், அன்ஸாரிகளின் தலைவருள் ஒருவரான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. குருதி நிற்கவில்லை. அவர்களை ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்திற்குக் கொண்டு சேர்த்தனர். அஸ்லம் குலத்தவரான அவ்வம்மையார், காயமுற்றோருக்கு மருந்திட்டு, பார்ப்பாரற்ற நோயாளிகளுக்கு இறைவனின் கூலியை மட்டுமே நாடிப் பணிவிடை செய்து வந்தார்கள். அக்கூடாரம் மதீனாவின் பள்ளிவாசலிலேயே அமைந்திருந்ததென இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு தெரிவிக்கின்றது. தொழுகை நடைபெறும் இடத்தில் நோயாளியின் முனகலுக்கும் இடமளிக்கப்பட்டது என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

இந்நிகழ்ச்சியில் நம் கருத்தைக் கவர்வது இன்னொரு சிறு செய்தி. இமாம் புகாரீ (ரஹ்) தம்முடைய ‘அல் அதபுல் முஃப்ரத்’ என்னும் நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஅதைக் கடந்து செல்லும்போதெல்லாம், மாலையாயின் மாலைப்பொழுது எவ்வாறுள்ளது என்றும், காலையாயின் காலைப்பொழுது எவ்வாறுள்ளது என்றும் வினவுவார்கள். ஸஅதும் தம் நிலையை எடுத்துரைப்பார்கள். நாள்தோறும் கேட்டல், இருவேளையும் கேட்டல், நோயாளியின் வாய்மொழியையே விடையாக ஏற்றல் என இன்றைய செவிலியக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் நோவு மதிப்பீட்டின் அடிப்படைகள் இச்சிறு செய்தியில் அடங்கியிருக்கின்றன.

ருஃபைதா (ரலி) தனியொருவர் அல்லர். உம்மு அதிய்யா (ரலி) ஏழு போர்களில் உடன் சென்று காயமுற்றோருக்கு மருந்திட்டதையும், நோயாளிகளைப் பராமரித்ததையும் தாமே அறிவித்துள்ளார்கள். ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களும் இப்பணியில் ஈடுபட்டவர்களே.

நோவைச் சொல்வது பொறுமைக்கு இழுக்கா?

‘நோவைப் பிறரிடம் சொல்வது இறைவனின் நாட்டத்தின் மீது முறையிடுவதாகாதா?’ என்னும் ஐயம் நம் முன்னோரிடையேயும் எழுந்ததுண்டு. தாபிஈன்களுள் ஒருவரான தாவூஸ் (ரஹ்) நோயாளி முனகுவதை வெறுத்தார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) தம் இறுதி நோயில் முனகிக்கொண்டிருந்தபோது இச்செய்தி எடுத்துச் சொல்லப்படவே, மரணம் வரை முனகாதிருந்தார்கள் என்பர். இது பேணுதலின் உச்சம். எனினும் இதுவே சட்டமன்று. நோயாளி முனகுவது வெறுக்கத்தக்கது என்னும் கருத்து பலவீனமானது, அதனைத் தடுக்கும் நேரடியான சான்று எதுவுமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) தெளிவுபடுத்தியுள்ளார்கள்.

இமாம் புகாரீயின் ஸஹீஹ் நூலில் நோயாளிகளைப் பற்றிய பகுதியில், தமக்கு நோவு இருப்பதாகவும் அது கடுமையாகிவிட்டதாகவும் நோயாளி சொல்வதற்குள்ள அனுமதியைக் குறித்துத் தனியொரு தலைப்பே உண்டு. அத்தலைப்பிலேயே ஐயூப் நபி (அலை) அவர்கள் தம்மைத் துன்பம் தீண்டியதை இறைவனிடம் எடுத்துரைத்த இறைவசனத்தையும் இமாமவர்கள் இணைத்துள்ளார்கள். இதன் நுட்பம் ஆழமானது. துன்பத்தை வாய்விட்டுச் சொன்ன அதே ஐயூப் நபியைத்தான் குர்ஆன் பொறுமையாளர் எனப் புகழ்கின்றது. சொன்னதால் அவர்களின் பொறுமை குறையவில்லை.

அதே பகுதியில் வேறிரு நிகழ்ச்சிகளையும் காண்கின்றோம். அன்னை ஆயிஷா (ரலி) தலைநோவால் வாய்விட்டு வருந்தியபோது, அண்ணலார் (ஸல்) அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தமக்கும் தலைநோவு உண்டென்றே கூறினார்கள். மற்றொரு வேளை, காய்ச்சலால் வருந்திய அண்ணலாரைக் கையால் தொட்டுப் பார்த்த இப்னு மஸ்ஊத் (ரலி), காய்ச்சல் மிகக் கடுமையாயிருப்பதாகச் சொல்ல, ஆம், உங்களில் இருவர் படும் அளவு நான் படுகின்றேன் என்னும் கருத்துப்பட விடை வந்தது. மறைக்கவுமில்லை, மிகைப்படுத்தவுமில்லை, இருவர் அளவு என்று ஓர் அளவே சொல்லப்பட்டது. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) தம் உடல் நோவை முறையிட்டபோது, நோவுள்ள இடத்தில் கையை வைத்து ஓதுமாறு பணித்ததை இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அங்கே நோவின் இடம் சுட்டப்பட்டது. இங்கே நோவின் அளவு சொல்லப்பட்டது.

உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாறு நம் சொற்பொழிவு மேடைகளில் அடிக்கடி கேட்கப்படுவது. டமாஸ்கஸ் பயணத்தில் காலில் அழுகல் நோய் கண்டு, காலை வெட்டியெடுக்க நேர்ந்தபோது, அறிவை மயக்கும் மருந்தை அவர்கள் மறுத்துவிட்டார்கள். பொறுமைக்கு எடுத்துக்காட்டாக இதனைச் சொல்வது தகும். ஆயினும் இதிலுள்ள இன்னொரு பாதியை நாம் விட்டுவிடுகின்றோம். மருத்துவர்கள் முதலில் நோவு மறக்கும் மருந்தைக் கொடுக்க முன்வந்தார்கள், மறுத்தவர் நோயாளியே. பொறுமை என்பது நோவுறுபவர் தாமே தேர்ந்துகொள்ளும் பண்பு. அருகிலிருப்பவர் அதனை அவர் மேல் சுமத்த முடியாது. அருகிலிருப்பவரின் கடமை, மருந்தை நீட்டுவதே. உறுப்பை அறுக்கும் தேவைக்காக மயக்க மருந்து உட்கொள்வது ஆகும் என்பதே சரியான கருத்தென இமாம் நவவீயும் எழுதியுள்ளார்கள்.

பதினைந்து வகை நோவுகள்

நோயாளியின் சொல்லை மருத்துவ அறிவாக உயர்த்திய பெருமை இப்னு ஸீனாவுக்கு (980–1037) உரியது. நோவென்பது உடலின் தொடர்ச்சி அறுபடுவதால் உண்டாவது என்று கிரேக்கப் பேரறிஞர் ஜாலினூஸ் கூறிச் சென்றார். இப்னு ஸீனா அதனோடு நில்லாமல், உடலின் இயல்புநிலை திடீரென மாறுவதாலும் நோவு தோன்றும் என்று தம் ‘அல் கானூன்’ நூலில் வாதிட்டார். அந்நூலின் முதற்பகுதியில் நோவைப் பதினைந்து வகைகளாகப் பிரித்துப் பெயரிட்டார். அரிக்கும் நோவு, சொரசொரப்பான நோவு, குத்தும் நோவு, அழுத்தும் நோவு, இழுக்கும் நோவு, பிளக்கும் நோவு, முறிக்கும் நோவு, தளர்ந்த நோவு, துளைக்கும் நோவு, ஊசி இறங்கினாற்போன்ற நோவு, மரத்த நோவு, துடிக்கும் நோவு, பாரமான நோவு, களைப்பின் நோவு, எரிக்கும் நோவு என்பன அவை.

இவ்வகைகளைக் கருவி கொண்டு காண இயலாது. நோயாளிகளின் வாய்ச்சொற்களைச் செவிமடுத்தே இவற்றைத் தொகுத்திருக்க முடியும். நம் தமிழிலும் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, திமிர் என்று நம் பாட்டிமார் வேறுபடுத்திச் சொன்ன சொற்கள் எத்தனை! குடைச்சல் என்பவர் சொல்வது வேறு. கடுப்பு என்பவர் சொல்வது வேறு. அச்சொல்லைக் கவனியாது வெறும் வலியென்று எழுதிக்கொள்பவர், நோயின் அடையாளத்தில் ஒரு பாதியைத் தவற விடுகின்றார்.

நோவைத் தணிப்பதைப் பற்றியும் இப்னு ஸீனா நிறைவாகவே எழுதினார். காரணத்தை நீக்குவது முதல்வழி. அபின் போன்ற மரக்கச்செய்யும் மருந்துகள் மற்றொரு வழி. ஆனால் நோவால் விளையும் தீங்கு பெரிதா, மருந்தால் விளையும் தீங்கு பெரிதா என எடைபோட்டே கொடுக்க வேண்டுமென எச்சரித்தார். மெல்ல நடத்தல், இனிய இசை, உள்ளத்தை மகிழ்விக்கும் செயலில் ஈடுபடல் ஆகியனவும் நோவைக் குறைக்கும் என்றார்.

நோவிலிருந்து பிறந்த மருத்துவமனை

டமாஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி 1154இல் நிறுவிய பீமாரிஸ்தான் புகழ்மிக்கது. 1184இல் அந்நகரைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்கே நோயாளிகளின் பெயர்களும், அவர்களுக்கு வேண்டிய மருந்து, உணவு ஆகியவற்றின் செலவும் ஏடுகளில் பதியப்பட்டதையும், மருத்துவர்கள் நாள்தோறும் காலையில் வந்து நோயாளிகளைப் பார்த்து, அவரவர்க்கு உகந்த மருந்தும் உணவும் ஏற்பாடு செய்ததையும் குறித்துள்ளார்.

எகிப்தின் மம்லூக் தளபதியாயிருந்த கலாவூன் டமாஸ்கஸில் கடுமையான வயிற்றுச் சூலையால் துடித்தபோது, இந்த நூரீ மருத்துவமனையின் மருந்துகளே அவரைக் குணப்படுத்தின. எழுந்ததும் குதிரையேறி அம்மருத்துவமனையை நேரில் சென்று கண்டு, தமக்கு ஆட்சி கிட்டினால் இத்தகைய ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகின்றார். சுல்தானானதும் 1284இல் கெய்ரோவில் மன்ஸூரி மருத்துவமனையைக் கட்டி அந்த நேர்ச்சையை நிறைவேற்றினார். காய்ச்சல், கண்ணோய், காயங்கள், பெண்டிர் எனத் தனித்தனிப் பகுதிகளும், பணிவிடைக்கு ஆண்களும் பெண்களும் அங்கே இருந்தனர். செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி அனைவருக்குமாக அது வக்ஃபு செய்யப்பட்டது. தாம் துடித்த இரவை மறவாத ஒருவரால் பிறர் துடிப்புக்கு மருந்து கிடைத்தது.

உதுமானியச் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எதிர்னேயில் கட்டி 1488இல் நிறைவுற்ற மருத்துவமனையில், நோயாளிகளுக்காக வாரத்தில் மூன்று நாள் இசை இசைக்கப்பட்டதைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி குறித்துள்ளார். இப்னு ஸீனா எழுதியது ஏட்டோடு நின்றுவிடவில்லை.

சொல்லை நம்பிய செவிலியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நாடுகள் நோவுக்கெதிரான பெரும் ஆயுதங்களைக் கண்டன. அபினிலிருந்து மார்ஃபின் பிரித்தெடுக்கப்பட்டது. 1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டப்பட்டது. மருந்து பெருகியது, கேட்கும் கலை அதற்கேற்ப வளரவில்லை.

1854இல் உதுமானியத் தலைநகரையடுத்த உஸ்குதாரின் செலிமிய்யா படைவீட்டில் காயமுற்ற ஆங்கிலப் படைவீரரைப் பராமரித்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், 1859இல் செவிலியம் பற்றி எழுதிய நூலில் கேட்கும் முறையையே ஆராய்ந்தார். இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. எத்தனை மணிநேரம் தூங்கினார், எப்போது விழித்தார் என்று கேட்டாலே உண்மை வெளிப்படும் என்பது அவர் கருத்து. லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பயின்றவர் சிசிலி சாண்டர்ஸ். முதுகுநோவால் செவிலியப் பணியைத் தொடர இயலாமற்போக, மருத்துவமனைச் சமூகப்பணியாளராகி, பின்னர் மருத்துவமும் பயின்று 1957இல் மருத்துவரானார். இறக்கும் நிலையிலிருந்த புற்றுநோயாளிகளின் பேச்சைப் பொறுமையோடு கேட்டுக் குறித்துவைத்தார். உடல், உள்ளம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கின் துயரும் சேர்ந்ததே முழுநோவு என்று அவர் கண்டார். நோயாளி கதறிய பின் மருந்து தேடுவதை விடுத்து, நோவு திரும்புமுன்பே குறித்த வேளையில் மருந்து கொடுக்க வேண்டுமென வலியுறுத்தினார். 1967இல் அவர் லண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லம் உலகெங்கும் இத்தகைய இல்லங்களுக்கு முன்மாதிரியாயிற்று.

1968இல் மார்கோ மெக்காஃப்ரி என்னும் அமெரிக்கச் செவிலியர், நோவுறுபவர் எதனை நோவென்று சொல்கின்றாரோ அதுவே நோவு, உண்டென்று அவர் சொல்லும்போதெல்லாம் அது உண்டு என்னும் கருத்தை முன்வைத்தார். இது எளியதாகத் தோன்றலாம். ஆனால் நோயாளி நடிக்கின்றார், மிகைப்படுத்துகின்றார் என்று ஐயுறும் பழக்கத்தை இக்கருத்து தலைகீழாக்கிற்று. 1975இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக், நோவைக் குறிக்கும் 78 சொற்களை 20 பிரிவுகளாக்கி ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். இப்னு ஸீனாவின் பதினைந்து வகைகளை அறிந்தோர்க்கு, துடித்தல், துளைத்தல், எரித்தல் என்னும் சொற்கள் அப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது வியப்பளிக்காது.

இன்றைய முறை

இன்று பயிற்சிபெற்ற செவிலியர் நோயாளியிடம் கேட்பவை இவை: நோவு எங்கே? எங்கே பரவுகின்றது? எத்தகையது? எப்போது தொடங்கியது? எதனால் கூடுகின்றது, எதனால் குறைகின்றது? நோவே இல்லையெனில் 0, தாங்கவே இயலாததெனில் 10 என்று கொண்டால் உங்கள் நோவு எத்தனை? அறுவை முடிந்தவரிடம் படுத்திருக்கும்போது மட்டுமன்றி, இருமும்போதும் எழுந்து நடக்கும்போதும் நோவு எவ்வளவு என்று கேட்பர். ஏனெனில் நோவுக்கஞ்சி இருமாமலும் ஆழ்ந்து மூச்சுவிடாமலும் கிடப்பவருக்கு நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். அசையாது கிடப்பவரின் கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். நோவைப் பொறுத்துக்கொள்வது எப்போதும் தீங்கற்றது என எண்ணுவது பிழை.

எண் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கு, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த படம் உண்டு. 1980களில் டோனா வாங், கோனி பேக்கர் என்னும் இரு அமெரிக்கப் பெண்மணிகள் உருவாக்கியது அது. பேசாத பச்சிளங் குழந்தையின் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகின்றதா என்னும் ஐந்தையும் பார்த்து மதிப்பிடும் முறையும் உண்டு. நினைவிழந்த முதியவர்களை மூச்சு, முனகல், முகச்சுளிப்பு ஆகியவற்றால் அறிகின்றனர். சொல்ல இயலாமையால் நோவு இல்லையென்று ஆகிவிடாது என்பதைப் பன்னாட்டு நோவு ஆய்வுக் கழகமும் 2020இல் வெளியிட்ட திருத்திய வரையறையின் விளக்கத்தில் உறுதிசெய்துள்ளது.

கேட்டு எழுதிவிடுவதோடு கடமை தீர்வதில்லை. மருந்து கொடுத்தபின் மீண்டும் வந்து கேட்க வேண்டும். குறையவில்லையெனில் மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். வலுவான மருந்தாயின் மூச்சின் வேகத்தையும் மயக்கத்தையும் கண்காணிக்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பி மருந்தை அள்ளி வழங்கியதன் கேட்டினையும் அமெரிக்கா கண்டது. 1990களுக்குப் பின் அங்கே அபின்வகை மாத்திரைகளின் அடிமைத்தனம் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. இப்னு ஸீனா சொன்ன எடைக்கோலைக் கைவிட்டதன் விளைவு இது.

இந்தியாவின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. சட்டப்படி அபின் பயிரிட்டு ஏற்றுமதியும் செய்த இந்நாட்டில், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால், புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பதே அரிதாயிற்று. 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி ஓரளவு எளிதாயிற்று. இவ்விருளில் விளக்கேற்றியது மலபார். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் இராஜகோபாலும் அவர்தம் தோழர்களும் நோவு தணிப்புச் சங்கமொன்றைத் தொடங்கினர். பின்னர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில் ஊர்மக்களே திரண்டு, செவிலியரை வீடு வீடாக அழைத்துச் செல்லும் இயக்கத்தை வளர்த்தனர். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கையே வகுத்தது. ருஃபைதாவின் கூடாரம் இங்கே நோயாளியின் வாசலுக்கே வந்துவிட்டது.

நம் இல்லங்களில்

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். வீட்டின் மூத்த பெண்மணி நோவால் இரவெல்லாம் உறங்காதிருந்தாலும், காலையில் மகன் கேட்டால் ‘அல்ஹம்து லில்லாஹ், ஒன்றுமில்லை வாப்பா’ என்பார். இறைவனைப் புகழ்ந்த அந்த நாவு போற்றத்தக்கதே. ஆனால் அதைக் கேட்ட மகன் நிம்மதியடைந்து கடைக்குச் சென்றுவிடுவானாயின், அவன் கேட்டது வெறும் உபசாரமாகவே முடிகின்றது. உறவினர் சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, ‘ஸபூர் செய்யுங்கள், பாவங்கள் உதிரும்’ என்று சொல்லி மருந்துச் சீட்டையும் மடித்து வைத்துவிடுகின்றனர். துன்பத்தால் பாவங்கள் உதிர்வது உண்மையே. அந்நற்செய்தி நோவுறுபவரின் ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டது. அருகிலிருப்பவரின் கடமையைத் தள்ளுபடி செய்வதற்காக அன்று. அந்நற்செய்தியைச் சொன்ன அண்ணலார்தாம் ஸஅதின் நிலையைக் காலையும் மாலையும் கேட்டார்கள்.

ஆகவே கேட்பவர் தெளிவாகக் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எழுந்து ஒளூச் செய்ய முடிந்ததா, ருகூவில் குனியும்போது நோகின்றதா என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்னும் சொல்லுக்குப் பின்னாலுள்ள உண்மை வெளிவரும். மருத்துவமனையில் செவிலியர் எண் கேட்கும்போது, உடனிருக்கும் ஆண்கள் முந்திக்கொண்டு விடை கூறாமல், நோயாளியே சொல்ல வழிவிட வேண்டும். ஆண் மருத்துவரிடம் சொல்ல நாணும் நோவைப் பெண் செவிலியரிடம் நம் பெண்கள் மனந்திறந்து சொல்ல இயலும். இதனால், நம் பெண்மக்கள் செவிலியப் படிப்பில் சேர்வதைத் தாழ்வாகக் கருதும் போக்கையும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். அது ருஃபைதாவும் உம்மு அதிய்யாவும் செய்த பணி.

நோவின் ஒரே சாட்சி நோவுறுபவர். நம் மார்க்கச் சட்டத்தில் சாட்சியை மறைப்பதும் குற்றம். நேர்மையான சாட்சியைத் தள்ளுவதும் அநீதி. வேறு சாட்சியே இல்லாத ஒரு வழக்கில், இருக்கும் ஒரு சாட்சியின் சொல்லை நாம் எத்துணை மதிப்போடு ஏற்க வேண்டும்! நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் நலத்தையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவியை நமக்கும் அருள்வானாக.